தூக்குவதற்கு முன் அரை நிமிடம்: வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வார்டில் சேர்ந்த முதல் வாரத்தில் புதியவர்கள் ஊசி போடவும், ட்ரிப்ஸ் வேகத்தைக் கணக்கிடவும், கேஸ் ஷீட் எழுதவும் கவனமாகப் பழகிக்கொள்கிறார்கள். கட்டிலில் கால்மாட்டுப் பக்கம் சரிந்து கிடக்கும் ஒருவரை மேலே ஏற்றிப் படுக்கவைப்பதை மட்டும் யாரும் நின்று நிதானமாகக் கற்றுத்தருவதில்லை. பார்த்துப் பார்த்து வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். அப்படிப் பார்த்துக் கற்றதில் சரியும் தவறும் கலந்தே வந்து சேர்கின்றன. எது தவறு என்று இடுப்பு வலித்துத் தெரியவரும்போது ஐந்தாறு ஆண்டுகள் கழிந்திருக்கும்.

நான் கடலூரிலும் பின்னர் புதுச்சேரியிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வார்டில் செவிலியராக நின்றவள். இதைச் செவிலியர்களுக்காக மட்டும் எழுதவில்லை. வார்டு உதவியாளர், ஆயா, ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், இயன்முறை மருத்துவம் படிக்கும் மாணவர் என்று நோயாளியைத் தொட்டு நகர்த்தும் எல்லோருக்கும் இது பொருந்தும். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து புதுச்சேரியின் ஜிப்மருக்கோ அந்நகரத்தின் வேறு மருத்துவமனைகளுக்கோ ஆம்புலன்ஸில் வந்து சேரும் ஒருவர், வார்டுக் கட்டிலில் தலை சாய்ப்பதற்குள் எத்தனை முறை இடம் மாற்றப்படுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக் கட்டிலிலிருந்து ஆம்புலன்ஸுக்கு, அங்கிருந்து அவசரப் பிரிவு டிராலிக்கு, டிராலியிலிருந்து ஸ்கேன் மேசைக்கு, மறுபடியும் டிராலிக்கு, கடைசியில் வார்டுக் கட்டிலுக்கு என்று ஐந்து முறை. சேர்ந்த பிறகோ, படுக்கை விரிப்பு மாற்ற, பெட்பேன் வைக்க, புரட்டிவிட, உட்காரவைக்க என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் அது தொடர்கிறது.

புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நோயாளியைத் தூக்கக் கூடாது, நகர்த்த வேண்டும். அந்த நகர்த்தல் நன்றாக அமைவது கையின் பலத்தால் அல்ல, கை வைப்பதற்கு முந்தைய அரை நிமிடத்தால்.

எடையைப் பற்றிய கணக்கு

நம் வீடுகளில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளிலோ இடுப்பிலோ அணைத்துத்தான் தூக்குகிறோம். அதே மூட்டையை இரு கைகளையும் நீட்டி ஒரு முழம் தள்ளிப் பிடிக்கச் சொன்னால் யாரும் முயலமாட்டார்கள். ஆனால் கட்டிலின் மீது குனிந்து, கையை நீட்டி, நடுவில் படுத்திருக்கும் மனிதரைப் பிடிக்கும்போது அதைத்தான் செய்கிறோம். இடுப்பு முள்ளெலும்புகளுக்குப் பின்னால் ஓடும் தசைகள், முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் டிஸ்கிலிருந்து ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் தூரத்திலிருந்து இழுக்கின்றன. 10 கிலோ எடையை அரை மீட்டர் முன்னால் பிடித்தால், அதைச் சமன்செய்ய அந்தத் தசைகள் சுமார் 100 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். குனிந்திருக்கும் நம் மேலுடம்பின் எடை இதற்கு மேல். இடுப்பைத் திருப்பிக்கொண்டு குனிந்தால், கீழ் முதுகின் கடைசி இரண்டு டிஸ்குகள் இன்னும் மோசமாக நசுங்கும். டிஸ்க் விலகல் அதிகமாக வருவது அந்த இடத்தில்தான்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1990களில் வகுத்த கணக்கின்படி, எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால் ஒருவர் தூக்கக்கூடிய பொருளின் எடை 23 கிலோ. அது பெட்டிகளுக்கான அளவு. மனிதரைக் கையாளும்போது அதையும் குறைக்க வேண்டும் என்று அதே நிறுவனத்தின் ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் எழுதினார். அவர் சொன்ன உச்ச அளவு 35 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிலோ. பெட்டிக்குப் பிடி உண்டு, மனிதருக்கு இல்லை. பெட்டி பயந்து நம் கழுத்தைப் பிடிக்காது, பாதியில் முழங்கால் மடங்கிச் சரியாது.

இந்த 16 கிலோவை மனத்தில் வைத்துக்கொண்டு வார்டைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவரை இருவர் தூக்கினால் ஆளுக்கு 30 கிலோ. நால்வர் சேர்ந்தால்தான் 15 கிலோவுக்கு இறங்குகிறது. அதுவும் சமமாகப் பிரியாது. தலையும் உடற்பகுதியும் மொத்த எடையில் பாதிக்கு மேல் வருவதால், தோள் பக்கம் நிற்பவரே அதிகம் சுமக்கிறார். அந்த 60 கிலோ நோயாளியின் ஒரு கால் மட்டுமே கிட்டத்தட்ட 10 கிலோ இருக்கும். கட்டு மாற்றும்போது அந்தக் காலை ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்கும் மாணவியின் கை நடுங்குவது இதனால்தான். கையில் ஏந்தாமல் கீழே தலையணைகளை அடுக்கித் தாங்கினால் போதும்.

சரியாகக் குனியக் கற்றுக்கொண்டால் மட்டும் முதுகைக் காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. முழங்காலை மடக்கிக் குனிவது நல்ல பழக்கம்தான். ஆனால் தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பதால் மட்டும் முதுகுக் காயங்கள் குறைவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. எடையையும் உராய்வையும் குறைக்கும் சாதனங்கள் வேண்டும், ஆள் வேண்டும், அவசரம் காட்டாத ஒரு வார்டு வழக்கமும் வேண்டும். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம் 2005இல் நோயாளிகளைப் பாதுகாப்பாகக் கையாள்வதற்கென்றே சட்டம் இயற்றியது. பணியாளரின் உடற்பயிற்சியை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது என்பதே அதன் அடிப்படை.

கை வைப்பதற்கு முன்

முதலில் நோயாளியைப் பாருங்கள். கேஸ் ஷீட்டில் முதுகெலும்புக் காயம், இடுப்பு எலும்பு முறிவு, பக்கவாதம், சமீபத்திய அறுவை சிகிச்சை என்று ஏதேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவரிடமே பேசுங்கள். "ஐயா, இரண்டு முழங்காலையும் மடக்கி, இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக் காட்ட முடியுமா?" என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். இடுப்பைத் தானே தூக்கக்கூடியவரை நாம் இழுக்க வேண்டியதில்லை; அவர் குதிகாலால் உந்த, நாம் வழிகாட்டினால் போதும். பலவீனமானவர் என்ற இரக்கத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது அவருக்கும் நல்லதல்ல, அவரிடம் மிச்சமிருக்கும் பலமும் போய்விடும்.

அடுத்து குழாய்களைப் பாருங்கள். ட்ரிப்ஸ் குழாய் எந்தக் கையில் ஓடுகிறது, அதன் நீளம் போதுமா, யூரின் பேக் கட்டிலின் எந்தப் பக்கம் தொங்குகிறது, மூக்குக் குழாய் வழியாக உணவு போய்க்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் ஒரு சுற்று பார்க்க வேண்டும். யூரின் பேக்கைக் காலி செய்துவிட்டு, நகர்த்தும் திசைக்கே முதலில் மாற்றித் தொங்கவிடுங்கள். அதை நோயாளியின் வயிற்றின் மீது வைத்துத் தள்ளிக்கொண்டு போவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். சிறுநீர் பின்னோக்கி ஓடித் தொற்றுக்கு வழிவிடும். நெஞ்சிலிருந்து வரும் குழாயின் பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும், மருத்துவர் சொல்லாமல் அந்தக் குழாயைக் கவ்வி அடைக்கக் கூடாது.

பிறகு இடம். நம் ஊர் வார்டில் கட்டிலுக்கு அடியில் டிபன் கேரியர், பிளாஸ்க், துணிப்பை, உடன் இருப்பவரின் சுருட்டிய பாய் எல்லாம் இருக்கும். குனியும்போது கால் வைக்க இடமில்லாமல் இடுப்பை மட்டும் முன்னால் நீட்டி நிற்பதுதான் பல காயங்களின் தொடக்கம். உடன் இருப்பவரிடம் சொல்லி அவற்றை ஒதுக்கச் சொல்லுங்கள். தரை ஈரமா என்று பாருங்கள். கட்டில், டிராலி இரண்டின் பிரேக்கையும் மிதித்த பிறகு, கையால் ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். மிதித்த பிரேக்கெல்லாம் பிடித்த பிரேக் ஆகிவிடாது. உயரம் மாற்றக்கூடிய கட்டில் என்றால், உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய இரும்புக் கட்டில்களில் அந்த வசதி இருக்காது. அப்போது ஒரு முழங்காலைக் கட்டிலின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டால் நோயாளியை நெருங்கிவிடலாம். குட்டையானவர்கள் அசையாத மரப்படி ஒன்றைப் போட்டு அதன் மேல் நிற்கலாம்.

கடைசியாக, யார் சொல்ல யார் செய்வது என்பதை முடிவு செய்யுங்கள். ஒருவர் மட்டுமே எண்ண வேண்டும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணும்போது, மூன்றிலேயே இழுப்பதா, மூன்று முடிந்த பிறகு இழுப்பதா என்று ஆளுக்கொரு பழக்கம் இருக்கும். ஒருவர் அரை நொடி முந்தினாலும் மொத்த எடையும் அவர் முதுகில் இறங்கும். அதனால் எங்கள் வார்டில் "ஒன்று, இரண்டு, மூன்று, நகர்த்து" என்று வைத்துக்கொண்டோம். 'நகர்த்து' என்ற சொல்லில்தான் எல்லோரும் இயங்க வேண்டும். வீராம்பட்டினம் கரையில் படகை மேலே ஏற்றும்போது ஒரே குரலுக்கு எல்லாத் தோள்களும் ஒன்றாக அசைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரிந்தவரை மேலே ஏற்றுதல்

ஒரு நாளில் அதிக முறை செய்வதும், அதிக முதுகுகளைக் கெடுப்பதும் இந்த ஒரு வேலைதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஒரு மருத்துவமனையின் நைட் டியூட்டியில் நானும் இன்னொரு செவிலியரும் மட்டும் இருந்தோம். பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்த ஒரு பெரியவர், தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் மெல்ல மெல்லச் சரிந்து, பாதம் கம்பியில் முட்டும் அளவுக்குக் கீழே வந்திருந்தார். அவர் மகன் கால்மாட்டில் நின்றான். நாங்கள் எல்லோரும் செய்வதைப் போலவே செய்தோம்: ஆளுக்கொரு பக்கம் நின்று, அக்குளில் கையைக் கொடுத்து, ஒரே மூச்சில் மேலே தூக்கினோம். பயந்துபோன பெரியவர் இடது கையால் என் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார். நான் திரும்பிய நிலையில் இருந்தேன். இடுப்பில் ஏதோ நழுவியது போன்ற உணர்வு வந்து, அதன் பின் ஆறு வாரம் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. என் வலி தெரிந்த அளவுக்கு அவருடைய வலி யாருக்கும் தெரியவில்லை. செயலிழந்த வலது தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருந்ததால், அக்குளில் கொடுத்த அந்த ஓர் இழுப்பில் தோள் மூட்டு இறங்கிப்போயிருந்தது. அவர் வீட்டுக்குப் போகும் நாள்வரை அந்தக் கையைத் தொட்டாலே முகம் சுருங்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதை அன்றோடு விட்டேன். நீங்கள் தொடங்கவே வேண்டாம்.

இப்போது செய்யும் முறை வேறு. நோய் அனுமதித்தால் கட்டிலின் தலைப்பக்கத்தை முழுவதும் தாழ்த்துங்கள். சரிவில் மேல்நோக்கி இழுப்பது மேட்டில் வண்டி இழுப்பதற்குச் சமம். மூக்குக் குழாயில் உணவு ஓடிக்கொண்டிருந்தால், தாழ்த்துவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். தலையணையை எடுத்துத் தலைமாட்டுக் கம்பியில் சாய்த்து வைத்தால் தலை இடிக்காது. நோயாளியை ஒரு பக்கமாகப் புரட்டி, பாதி சுருட்டிய ஸ்லைடு ஷீட்டை (உராய்வைக் குறைக்கும் வழுக்குத் துணி) முதுகோரம் வைத்து, மறுபக்கம் புரட்டி அதை விரித்துவிடுங்கள். அது தோள்பட்டையிலிருந்து தொடைவரை வர வேண்டும். தலை தனியாகத் தொங்கக் கூடாது.

இருவரும் எதிரெதிரே நின்று, ஷீட்டின் ஓரத்தை நோயாளியின் உடம்பை ஒட்டிவரும்படி சுருட்டிப் பிடியுங்கள். முழங்கைகள் உங்கள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். கால்களை அகட்டி, முன்கால் தலைமாட்டை நோக்கியிருக்கும்படி வையுங்கள். எண்ணி முடித்ததும் கையை மடக்கி இழுக்க வேண்டாம். பின்காலில் இருக்கும் உடல் எடையை முன்காலுக்கு மாற்றுங்கள். கைகள் கயிறு போலத்தான், இழுப்பது உங்கள் உடம்பின் எடை. ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். ஒரு சாண் ஒரு சாணாக மூன்று முறை நகர்த்துவது மேல். நோயாளியால் முடிந்தால் தாடையை நெஞ்சோடு சேர்த்து, முழங்காலை மடக்கி, குதிகாலால் உந்தச் சொல்லுங்கள்.

ஸ்லைடு ஷீட் எல்லா வார்டிலும் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். நோயாளிக்கு அடியில் குறுக்கே விரிக்கும் பருத்தி ட்ரா ஷீட்டை மட்டும் பிடித்து இழுத்தால் உராய்வு அதிகம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ரெக்சின் மெத்தையோடு வியர்த்த துணி ஒட்டிக்கொண்டு இன்னும் கனக்கும். அப்போது, புதிய பெரிய பாலித்தீன் பை ஒன்றை வெட்டாமல் அப்படியே ட்ரா ஷீட்டுக்கு அடியில் விரியுங்கள். பையின் இரண்டு அடுக்குகளும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். முதன்முதலாக அப்படி நகர்த்திய ஒரு பாட்டி, மேலே வந்து சேர்ந்த பிறகு, "எப்பம்மா நகர்த்தப் போறீங்க?" என்று கேட்டார். அவருக்கு நகர்ந்ததே தெரியவில்லை. வேலை முடிந்ததும் பையை உடனே உருவிவிட வேண்டும்: விட்டுவைத்தால் வியர்வை தேங்கும், நோயாளி மறுபடி சரிவார், தரையில் விழுந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள்.

மேலே ஏற்றியவர் மீண்டும் சரியாமல் இருக்க ஒரு சிறு வழி உண்டு. தலையையும் முழங்காலையும் தனித்தனியாக உயர்த்தச் சுழற்றும் இரண்டு கைப்பிடி உள்ள கட்டிலானால், முழங்கால் பகுதியை முதலில் உயர்த்திவிட்டு அதன் பிறகு தலைப்பகுதியை உயர்த்துங்கள். தலையை மட்டும் உயர்த்தினால் தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளிருக்கும் எலும்பு கீழே இறங்கும். வால் எலும்புப் பகுதியில் படுக்கைப்புண் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

வீல்சேரை நோயாளியின் பலமான பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்தி, பிரேக் போட்டு, கால்மிதிகளை மடக்கிவிடுங்கள். நோயாளியைப் பக்கவாட்டில் புரட்டி, கால்களைக் கட்டிலிலிருந்து கீழே இறக்கும்போதே கையால் உந்தி எழச் செய்தால் மேலுடம்பு தானாக நிமிரும். உட்கார்ந்ததும் அவசரப்படாதீர்கள். பல நாள் படுத்தவருக்கும், சர்க்கரை நோய் நெடுநாள் உள்ளவருக்கும் எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஓரிரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுங்கள். உட்கார்ந்தபடியே ஒரு முழங்காலை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். நீட்ட முடியாதவரை ஒருவர் தனியாக நிறுத்த முயலக் கூடாது.

இடுப்பில் அகலமான பட்டை கட்டி அதைப் பிடிப்பதே முறை. வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும். பட்டை இல்லையென்று லுங்கியையோ நைட்டியையோ பிடித்துத் தூக்காதீர்கள். லுங்கி அவிழும், நைட்டி கிழியும், இரண்டிலும் அவருடைய மானமும் சேர்ந்து போகும். பாதம் தரையில் நன்றாகப் பதிந்திருக்கட்டும். ஈரமான ஹவாய் செருப்பைவிட, காய்ந்த தரையில் வெறுங்கால் நல்லது. மூக்கு, கால் விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை அவரை முன்னால் சாயச் சொல்லுங்கள். அந்தச் சாய்வு வந்தால் இடுப்பு தானாக எழும். அது வராமல் நாம் மேலே இழுத்தால் முழு எடையையும் நாமே தூக்க வேண்டியிருக்கும். எழுந்தவரைச் சிறு சிறு அடிகளாகத் திருப்பி, நாற்காலியின் விளிம்பு தொடையின் பின்புறம் படுவதை உணரவைத்து, மெல்ல அமரச் செய்யுங்கள். உங்கள் பாதமும் கூடவே திரும்ப வேண்டும். பாதத்தை ஊன்றிவிட்டு இடுப்பை மட்டும் திருப்பக் கூடாது.

பின்புறமாகத் திறந்து இடுப்பு மூட்டு மாற்றியவர்களை, மருத்துவர் அனுமதிக்கும்வரை தாழ்ந்த நாற்காலியில் உட்காரவைக்கக் கூடாது. தொடை செங்கோணத்தைத் தாண்டி மடங்கினாலோ காலைக் குறுக்கே போட்டாலோ மூட்டு நழுவக்கூடும்.

டிராலிக்கு மாற்றுதல், தரையிலிருந்து எழுப்புதல்

கட்டிலையும் டிராலியையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிறுத்தி, இரண்டுக்கும் பிரேக் போட்டு, போகும் பக்கம் ஒரு விரலளவு தாழ்வாக இருக்கும்படி பாருங்கள். நடுவே வழுக்குப் பலகையை வைத்தால் நால்வர் போதும். டிராலிக்கு அப்பாலிருந்து இழுப்பவர்கள் கையை முழு நீளத்துக்கு நீட்டாமல், முதல் தவணையில் ஓரம்வரை, இரண்டாம் தவணையில் நடுவுக்கு என்று பிரித்துச் செய்ய வேண்டும். முதுகெலும்புக் காயம் உள்ளவர் என்றால் கணக்கே வேறு. தலையையும் கழுத்தையும் பிடிப்பவரே கட்டளை இடுவார். தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே மரக்கட்டை போலச் சேர்ந்து புரள வேண்டும். புரட்ட மூவரும் தலைக்கு ஒருவரும், பலகை வைக்க இன்னொருவரும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கூட்டம் மிகுந்த காலத்தில் அரசு மருத்துவமனைகளில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஊசி போடவும் கட்டு மாற்றவும் நின்றபடி குனியாமல், ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து செய்யுங்கள். தானாக எழக்கூடியவருக்கு அருகில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மண்டியிட்டு, அதில் கையூன்றி எழச் சொல்லலாம். எழ முடியாதவரை, கனமான விரிப்போடு சேர்த்து நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஆறு பேர் பிடித்து ஒரே சொல்லுக்குத் தூக்குவதுதான், சாதனம் இல்லாத இடத்தில் மிஞ்சும் வழி.

சக்கரங்களும் சிலிண்டர்களும்

ஸ்ட்ரெச்சரைக் கால் முன்னால் போகும்படி தள்ள வேண்டும். தள்ளுபவர் தலைப்பக்கம் நின்றால் நோயாளியின் முகம் அவர் கண் முன்னே இருக்கும். காலை முன்னால் நீட்டிக் கொண்டுபோவது அபசகுனம் என்று சில பெரியவர்கள் தடுப்பதுண்டு. அவர்களிடம் சண்டை போடாமல், "மூச்சு எப்படி இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும் அம்மா" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். சாய்தளத்தில் ஏறும்போது மட்டும் தலை முன்னால் போக வேண்டும், இறங்கும்போது கால் முன்னால். எப்போதும் தலையே மேட்டுப் பக்கம் இருக்கும். வீல்சேரைச் சாய்தளத்தில் இறக்கும்போது பின்னோக்கி இறக்குங்கள், லிஃப்ட்டுக்குள்ளும் பின்னோக்கியே நுழையுங்கள். எந்தச் சக்கரம் வைத்த பொருளையும் இழுப்பதைவிடத் தள்ளுவதே முதுகுக்கு நல்லது. ஒரு சக்கரம் சிக்கி நிற்கும் டிராலியைப் பலத்தால் தள்ளிப் பழகாமல், உடனே சீட்டுக் கட்டி ஒதுக்கிப் பழுதுபார்க்க அனுப்புங்கள்.

நம் ஊரில் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளுமாக வரும் ஆக்சிஜன் சிலிண்டரில் ஜம்போ வகை ஒரு பெரிய ஆளின் எடை இருக்கும். அதைச் சாய்த்து அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டே போவது திறமைபோலத் தெரிந்தாலும், ஒரு முறை கை நழுவினால் பாதம் நசுங்கும், வால்வு உடைந்தால் சிலிண்டரே பாயும். சங்கிலி உள்ள தள்ளுவண்டியில் மட்டுமே கொண்டுபோங்கள், வார்டில் சுவரோடு கட்டி வையுங்கள். சிறிய சிலிண்டரை நோயாளியின் கால்களுக்கிடையே ஸ்ட்ரெச்சரில் கிடத்தாமல், அடியில் உள்ள தாங்கியில் வையுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு வால்வைத் தொடக் கூடாது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜனோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பற்றும்.

இந்தக் கடற்கரையில் இன்னொன்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பின் பல நாட்கள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரித் தெருக்களில் வெள்ளம் நின்றது. அப்படிப்பட்ட நாளில் லிஃப்ட்டை நம்ப முடியாது. மாடிப்படியில் வீல்சேரோடு ஒருவரை இறக்க நேர்ந்தால், கை வைக்கும் பகுதியையும் கால்மிதியையும் பிடிக்காதீர்கள். அவை கழன்று வரும். நாற்காலியின் சட்டத்தைப் பிடிக்க நால்வர், படியைப் பார்த்துச் சொல்ல ஐந்தாவதாக ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் தொடங்குமுன், வார்டில் யாரை எப்படி இறக்குவது என்று ஒரு நாள் வெறும் நாற்காலியோடு ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

விழுபவரைப் பிடிக்க வேண்டாம்

நடக்கவைக்கும்போது ஒருவருக்குக் கால் மடங்கிவிட்டால், நம் கை தானாக அவரைத் தாங்கிப் பிடிக்க முயலும். அந்த ஒரு நொடியில்தான் முதுகும் தோளும் கிழிகின்றன. அவரை உங்கள் உடம்போடு அணைத்து, ஒரு காலை முன்னால் வைத்து, உங்கள் தொடை வழியாகத் தரைக்கு வழுக்கி இறங்க விடுங்கள். தலை தரையில் மோதாமல் காப்பதே உங்கள் வேலை. இறங்கியவரை உடனே எழுப்பாதீர்கள். மூச்சு, வலி, கை கால் அசைவு எல்லாம் பார்த்து, மருத்துவர் பார்த்த பிறகே எழுப்ப வேண்டும்.

வலி வந்துவிட்டால்

அன்றே பொறுப்புச் செவிலியரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதவையுங்கள். சேவை செய்பவருக்கு வலி சகஜம் என்று சொல்லி அனுப்புபவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. வலியோடு நிற்பவரின் கை அடுத்த நோயாளியையும் சரியாகத் தாங்காது. ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருபவர்களுக்குப் பணியில் ஏற்பட்ட காயத்துக்கான உரிமை உண்டு, எழுதப்படாத காயத்தை நிரூபிப்பதுதான் கடினம். சாதாரணமான முதுகுப் பிடிப்புக்கு நாள்கணக்கில் படுத்துக் கிடப்பதைவிட, தாங்கக்கூடிய அளவுக்கு நடமாடுவதே சீக்கிரம் குணம் தரும். இடுப்பு பெல்ட் போட்டால் காயம் வராது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நியோஷ் 1994இலேயே சொல்லிவிட்டது. பெல்ட் தரும் தைரியத்தில் அதிகம் தூக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஆனால் பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை, பாதம் தொங்கிப்போதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் ஷிஃப்ட் முடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

ஷிஃப்ட் மாறும்போது

மருந்து, ட்ரிப்ஸ், சிறுநீர் அளவு எல்லாவற்றையும் அடுத்த ஷிஃப்ட்டுக்குச் சொல்லும் நாம், நோயாளியை எப்படி நகர்த்தினோம் என்பதைச் சொல்வதில்லை. வருபவர் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். கேஸ் ஷீட்டில் ஒரு வரியும், கட்டிலின் தலைமாட்டில் ஒரு துண்டு அட்டையும் போதும்: "12ஆம் கட்டில். புரட்ட இருவர். மேலே ஏற்ற ஸ்லைடு ஷீட், இருவர். உட்காரவைக்கலாம், நிறுத்தக் கூடாது. வலது தோளை இழுக்கக் கூடாது. யூரின் பேக் இடப்பக்கம்." எழுத அரை நிமிடம் ஆகும். முதல் நாளே நோயாளியின் உடன் இருப்பவருக்கும் அதைப் படித்துக் காட்டுங்கள். நாம் இல்லாத நேரத்தில் பெட்பேன் வைக்கப் போவது பெரும்பாலும் அவர்தான்.